ஒரு வகுப்பு, மூன்று வரிசை, ஒரு கதை

அன்புள்ள ஆசிரியைக்கு,

டெல்டா மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தும் நீங்கள், உங்கள் வகுப்பின் 43 பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பேர் ஆங்கிலக் கதையைத் தாங்களாகவே படித்துப் புரிந்துகொள்வார்கள். இருபது பேர் எழுத்துக்கூட்டி ஒப்பேற்றுவார்கள். மீதிப் பதினைந்து பேருக்கு ஒரு வரியைத் திக்காமல் வாசிப்பதே பெரும்பாடு. இதற்காக அவர்களை மூன்று வரிசைகளாக உட்காரவைத்து, முதல் வரிசைக்கு முழுப் பாடம், இரண்டாம் வரிசைக்குத் தமிழில் கதைச்சுருக்கம், மூன்றாம் வரிசைக்கு மனப்பாடம் செய்ய ஐந்து வினாவிடைகள் என்று பிரித்துக் கொடுத்து வருகிறீர்கள். அப்படியும் ஜேம்ஸ் தர்பரின் பேய்க் கதையை நடத்தியபோது வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்றும், அடுத்து, ஒரு பள்ளியில் பிரெஞ்சு மொழி நிறுத்தப்படும் நாளைப் பற்றிய அல்போன்ஸ் தோதேயின் 'தி லாஸ்ட் லெசன்' கதை வருவதை நினைத்தாலே சோர்வாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, "இலக்கியம் அந்த எட்டுப் பேருக்கு மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. ஆனால் நீங்கள் செய்திருக்கும் மூன்று வரிசை ஏற்பாடு, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது என்றாலும், அதை எட்டுப் பேருக்கு உரியதாகவே ஆக்கிவிடுகிறது. இங்கே இரண்டு திறன்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஆங்கில எழுத்துகளைக் கண்ணால் பார்த்து ஒலியாக்கும் திறன் ஒன்று. ஒருவன் ஏன் பொய் சொன்னான், அவள் ஏன் பேச்சை மாற்றினாள், அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று உணரும் திறன் மற்றொன்று. நீங்கள் பிள்ளைகளை வரிசைப்படுத்தியது முதல் திறனைக் கொண்டு. மறுத்திருப்பதோ இரண்டாவதை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பை. சத்துணவு நேரத்தில் மூன்றாம் வரிசைப் பையன் ஒருவன் முந்தின நாள் பார்த்த படத்தை நண்பர்களுக்குச் சொல்வதை ஒருமுறை ஒதுங்கி நின்று கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எதைச் சொல்லாமல் மறைத்துவைக்க வேண்டும், வில்லன் யார் என்பதற்கான துப்பு முன்னமே எங்கே வந்தது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதற்கெல்லாம் நம் பாடநூல் வைத்திருக்கும் பெயர்கள் மட்டும்தான் தெரியாது.

ஆகவே என் முதல் ஆலோசனை: கதை எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பெரிய கேள்வியும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்தக் கேள்வியை எட்டுவதற்கு நீங்கள் போடும் ஏணியின் படிகள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

தர்பர் கதையில் யாரும் சிரிக்காததற்குப் பிள்ளைகள் காரணமல்லர். 1915ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி இரவு சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் காலடிச் சத்தம் கேட்கிறது. அம்மா காவல்துறையை அழைக்கச் சொல்வதற்காகப் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் செருப்பை எறிகிறாள். எறிந்ததில் கிடைத்த சுகத்தில் இன்னொன்றையும் எறியப் பார்க்கிறாள். மாடியில் தூங்கும் தாத்தா, வந்த போலீஸ்காரர்களைப் போரிலிருந்து ஓடிவந்த சிப்பாய்கள் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார். இது வேகத்தில் உயிர்வாழும் கதை. வரிக்கு வரி நிறுத்தி, அருஞ்சொற்பொருள் சொல்லி, பென்சிலால் அடிக்கோடு போடவைத்தால், நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லிக்கொண்டே நடுவில் இலக்கணக் குறிப்புத் தருவது போல ஆகிவிடும். அந்தப் பாடம் போனது போகட்டும். தோதேயின் கதையில் அதே தவறு நேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பாடவேளையில் புத்தகம் மூடியே இருக்கட்டும். வகுப்பைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: "நாளைக் காலையில் நீங்கள் தாமதமாக ஓடிவருகிறீர்கள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. கடைசி பெஞ்சில் முன்னாள் ஊராட்சித் தலைவரும், ஓய்வுபெற்ற தபால்காரரும், உங்கள் தாத்தாவும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கல்யாணத்துக்கு மட்டும் உடுத்தும் பட்டுப்புடவையில் நிற்கிறேன். தாமதமாக வந்ததற்குத் திட்டவும் இல்லை. என்ன நடந்திருக்கும்?" விடைகள் வந்து குவியும். இன்ஸ்பெக்‌ஷன் என்பான் ஒருவன். நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள் என்பாள் ஒருத்தி. யாரோ இறந்துவிட்டார்கள் என்று ஒரு குரல் தயங்கி வரும். மூன்றும் கதைக்கு மிக அருகில் வந்துவிட்ட விடைகள் என்பதைக் கவனியுங்கள். கதையில் வரும் ஹாமெல் ஆசிரியர் அன்று அணிந்திருந்த பச்சைக் கோட்டும் பட்டுத் தொப்பியும் பள்ளி ஆய்வு நாளிலும் பரிசளிப்பு நாளிலும் மட்டும் வெளியே வருபவை; அவருடைய நாற்பது ஆண்டுப் பணி அன்றோடு முடிகிறது; பள்ளிக்குள் ஒரு துக்கம் நிறைந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு சொல் ஆங்கிலமும் தேவைப்படவில்லை. ஆனால் சொன்ன ஒவ்வொரு பிள்ளைக்கும், தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள அந்த ஆங்கிலக் கதை இப்போது தேவைப்படுகிறது.

கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிகளுக்கு நீட்டியபோது விடைகள் நீளமாயின. மந்தமானவர்கள் என்று ஆசிரியர்கள் ஒதுக்கியிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது சொல்வதற்குச் சிறியது. கரும்பலகைக்கு முன் நின்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பிறகு நீங்களே கதையை உரக்க வாசியுங்கள். முழுவதையும், நிறுத்தாமல். கேட்டால் போதும், புத்தகத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். வாசிப்பதற்கு முன் ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள். எஞ்சியவற்றை உங்கள் குரல் பார்த்துக்கொள்ளும். முந்தின இரவு வீட்டில் இரண்டு முறையாவது வாசித்துப் பழகுங்கள், ஏனென்றால் பதினைந்து பேருக்கு அந்தக் கதை முதலில் உங்கள் குரலாகத்தான் சென்றடையப் போகிறது. கடைசியில் ஹாமெல் பேச முடியாமல் "மை ஃப்ரெண்ட்ஸ், ஐ... ஐ..." என்று தடுமாறும் இடத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே வரும் மௌனமும் கதையின் பகுதிதான். அவர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தன்னால் முடிந்த அளவு பெரிதாகப் பிரான்ஸ் வாழ்க என்று எழுதும் இடத்தில், நீங்களும் திரும்பி நின்று எழுதிவிட்டு, வகுப்பைப் பார்க்காமல் ஒரு கணம் அப்படியே நின்றால், எந்த நோட்ஸும் செய்ய முடியாத வேலையை அது செய்யும்.

இரண்டாம், மூன்றாம் பாடவேளைகளில்தான் புத்தகத்துக்குள் நுழைய வேண்டும். வரிசைகளைக் கலைத்துவிட்டு, ஓரளவு வாசிக்கத் தெரிந்த ஒருவரும் சிரமப்படும் ஒருவருமாக இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் ஒருவர் மற்றவருக்கு வாத்தியாராகிவிடுவார், அது நல்லதல்ல. கதையிலிருந்து எட்டுத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, சோடிக்கு ஒரு துண்டு, ஏழெட்டு வரிக்கு மிகாமல் கொடுங்கள். ஒரே துண்டு இரண்டு மூன்று சோடிகளுக்குப் போவது நல்லதே. அந்தத் துண்டைப் பத்து நிமிடம் பழகி வகுப்புக்கு வாசித்துக் காட்டுவதுதான் வேலை. முழுக் கதையையும் பார்த்து மலைக்கும் பிள்ளை ஏழு வரியைப் பார்த்து மலைப்பதில்லை; கதை முன்னமே காதில் விழுந்திருப்பதால் அந்த ஏழு வரிகளில் பாதி அவனுக்குத் தெரிந்தவை.

பாத்திரங்களைப் பங்கிடும்போது நான் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கதையில் ஹவுசர் என்ற கிழவர் வருகிறார். தன் பழைய அரிச்சுவடியைக் கொண்டுவந்து மடியில் விரித்து, கண்ணாடியை அதன்மேல் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து 'பா, பே, பி, போ, பு' என்று எழுத்துக்கூட்டுவார். நான் இந்தப் பாத்திரத்தை, 'அ' பிரிவில் வாசிக்க மிகவும் சிரமப்பட்ட ஒரு மாணவனுக்குக் கொடுத்தேன். ஐந்து அசைகள்தானே, இவனால் முடியும் என்று அக்கறையோடுதான் கணக்குப் போட்டேன். அவன் எழுந்து நின்றான், புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். வகுப்பு முடிந்தபின் வாசலில் வந்து, "எனக்கு எதுக்கு சார் அதைக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டான். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அதே வாரம் 'ஆ' பிரிவில் ஹவுசரை நன்றாக வாசிக்கும் மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். அவன் ஐந்து அசைகளையும் துப்பாக்கி வெடிப்பது போலப் படபடவென்று சொல்லி முடித்தான். வகுப்பு சிரித்தது. பின்னாலிருந்து, என் வகுப்பில் அதுவரை வாயே திறக்காத ஒருவன், "அப்படி இல்லடா, அவருக்கு எழுத்து சரியாத் தெரியாது, அழுதுக்கிட்டே படிப்பாரு" என்று சொல்லிவிட்டு, விரலை வரியின்மேல் வைத்து, ஒவ்வோர் அசைக்கும் நடுவில் மூச்சை நிறுத்தி, குரல் நடுங்கப் படித்துக் காட்டினான். அவன் நடிக்கவில்லை, தினமும் அப்படித்தான் படிப்பவன். கதையில் கிழவரின் குரல் உணர்ச்சியால் நடுங்கியது என்றும், அதைக் கேட்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்றும் ஒரு வரி வருகிறது. அந்த வரியின் பொருளை அன்று வகுப்புக்கு நான் விளக்கவில்லை. இரண்டு பிரிவுகளுக்கும் இருந்த வேறுபாடு ஒன்றுதான்: முதல் வகுப்பில் அவனுக்குத் தகுந்தது எது என்று நான் முடிவு செய்தேன், இரண்டாவதில் அவனே எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தேன், மாற்றிக்கொள்ள விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியோடு.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பேசலாம், பேச வேண்டும், ஆனால் எங்கே என்பது முக்கியம். நாம் வழக்கமாகச் செய்வது, ஆங்கில வரியை வாசித்து உடனே அதைத் தமிழில் சொல்லிவிடுவது. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் ஆங்கில வரிக்குக் காதை மூடிக்கொண்டு தமிழ் வரிக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். மொழிபெயர்ப்பதற்குத் தமிழை இப்படிச் செலவழிப்பதைவிட, சிந்திப்பதற்கும் வாதாடுவதற்கும் அதைப் பயன்படுத்துங்கள். ஹாமெல் கெட்டிக்கார ஆசிரியரா என்று சோடிகள் தமிழில் சண்டை போடட்டும். தன் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளை அனுப்பியதையும், தூண்டில் போடப் போவதற்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டதையும் அவரே ஒப்புக்கொள்கிறார் அல்லவா? ஆனால் சண்டையில் வெல்ல வேண்டுமானால் சான்று காட்ட வேண்டும்; சான்று புத்தகத்தின் ஆங்கில வரியாகத்தான் இருக்க வேண்டும், விரலை வைத்துக் காட்ட வேண்டும். வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நடக்கும் வாசிப்பு, நீங்கள் கட்டளையிட்டு நடக்கும் வாசிப்பைவிட உறுதியானது.

இனி அந்த எட்டுப் பேர். கலவையான வகுப்பைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் பின்தங்கியவர்களைப் பற்றியே கவலைப்படுகிறோம். முன்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதில் சலித்துப்போவதைக் கவனிப்பதில்லை. அவர்களுக்குக் கூடுதல் பாரா எழுதும் வேலையைக் கொடுக்காதீர்கள், அது தண்டனை. கடினமான கேள்வியைக் கொடுங்கள். இந்தக் கதையில் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. 1870, 71ஆம் ஆண்டுகளில் நடந்த போரில் பிரான்ஸ் தோற்று, எல்லைப் பகுதிகளான அல்சேஸின் பெரும்பகுதியையும் லொரைனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்தது. கதை 1873இல் தொகுப்பாக வெளிவந்தது. அல்சேஸில் இருக்கும் அந்த வகுப்பறையில் பிரெஞ்சு மொழி பறிபோவதற்காக ஊரே அழுகிறது. ஆனால் அக்காலத்து அல்சேஸ் மக்களில் பெரும்பாலானோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று, ஜெர்மன் மொழியின் வட்டார வழக்கு ஒன்று. தோதே அதைச் சொல்லவில்லை. அப்படியானால் ஹாமெல் காப்பாற்றத் துடித்தது யாருடைய தாய்மொழியை? கதையைச் சொல்லும் சிறுவன் ஃபிரான்ட்ஸுக்குப் பிரெஞ்சு எழுதத் தெரியாமல் போனது அவன் சோம்பலால் மட்டும்தானா? இந்தக் கேள்வியை அவர்கள் முன் வைத்து, கதைக்குள்ளேயே தடயம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். புறாக்கள் கூரைமேல் மெதுவாகக் கூவும்போது, இவற்றையும் ஜெர்மனில்தான் பாடவைப்பார்களோ என்று ஃபிரான்ட்ஸ் நினைக்கும் வரியை அவர்கள் அதன் பிறகு வேறு மாதிரி வாசிப்பார்கள்.

யாராவது ஒரு பிள்ளை 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை இழுத்துவருவான். வரட்டும். தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆனால் அன்றைய பாடவேளை பேச்சுப்போட்டியாக மாறிவிடாமல், அரை மணி நேரத்துக்குள் ஹாமெலின் வகுப்பறைக்கே திரும்பிவிடுங்கள். மொழி பறிபோகும் துயரத்தைப் பற்றிய ஒரு பிரெஞ்சுக் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் ஆங்கிலத்தில் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதையும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி கண்டுபிடித்துக் கேட்கக்கூடும். கேட்டால், என் சார்பில் அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள்.

தேர்வைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 100 மதிப்பெண் தாள், 35 எடுத்தால்தான் தேர்ச்சி, பதினைந்து பேரைக் கரைசேர்க்கும் பொறுப்பு உங்கள் தலையில். கைடிலிருந்து பத்தியை மனப்பாடம் செய்யவைத்தால் அவர்கள் எழுதிவிடுவார்கள் என்பது பாதி உண்மை. முதல் வரி மறந்தால் முழுப் பத்தியும் மறந்துவிடும், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒலி வரிசை மட்டுமே. கதை தெரிந்த பிள்ளைக்கு ஒரு வரி மறந்தாலும் அடுத்த நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு மேலே போக முடியும். வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியை அப்படிப்பட்ட பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு செய்வான். எழுதுவதற்கு மட்டும் ஏணி வேண்டும். "ஹாமெல் வோர் ஹிஸ் கிரீன் கோட் பிகாஸ்..." என்பது போல வாக்கியத்தின் முதல் பாதியைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, பின்பாதியை அவர்களே முடிக்கட்டும். பதினைந்து பேருக்கு அப்படிப்பட்ட ஐந்து பாதி வாக்கியங்கள். இருபது பேருக்கு இரண்டு மட்டும், மீதி சொந்தமாக. எட்டுப் பேருக்கு ஒன்றுமே வேண்டாம். மூன்று தாள்களிலும் தலைப்புக் கேள்வி ஒன்றே. எந்தத் தாளை எடுப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். இரண்டு மாதத்தில் பலர் தாமாகவே அடுத்த தாளுக்கு நகர்வதைப் பார்ப்பீர்கள். நகராதவர்களை விரட்ட வேண்டாம்.

இதோடு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலக்கிய வகுப்பு எவ்வளவு சுவையாக இருந்தாலும், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது எழுத்துக்கூட்டக் கற்றுத்தராது. அதற்குத் தனியே நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். சிறப்பு வகுப்பில் நாள்தோறும் இருபது நிமிடம், ஒலியும் எழுத்தும், அவர்கள் வகுப்பில் வாசிக்கப்போகும் அதே ஏழு வரிகளை வைத்து நடத்துங்கள். இரண்டையும் ஒரே பாடவேளையில் செய்ய முயன்றதுதான் உங்கள் மூன்று வரிசைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செய்யுள்களைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். கிப்ளிங்கின் இயந்திரங்கள் பாட்டை ஆலை ஓடும் சந்தத்தில் மேசையைத் தட்டிக்கொண்டு மொத்த வகுப்பும் கூட்டாகச் சொல்லட்டும். நெல் அரவை ஆலையின் சத்தம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களால் அன்பு செலுத்தவோ இரங்கவோ மன்னிக்கவோ இயலாது என்று இயந்திரங்கள் சொல்லும் வரி வந்ததும் தட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அணி நயங்களின் பெயர்களை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கூட்டுக்குரலில் தவறாகச் சொல்பவன் அகப்பட்டுக்கொள்வதில்லை என்பது இதில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம். மனப்பாடப் பாட்டும் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

கடைசியாக, வகுப்பில் சத்தம் வந்தால் தலைமையாசிரியர் கடிந்துகொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்கூட்டியே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல், தோதேயின் கதையைத் தொடங்கும் நாளில் பத்து நிமிடம் கடைசி பெஞ்சில் வந்து பேசாமல் உட்கார முடியுமா என்று கேளுங்கள். சத்துணவு அம்மாவையும் அழையுங்கள். அவர்கள் இருவரும் வந்து உட்கார்ந்துவிட்டால், நான் மேலே எழுதிய முதல் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருக்காது, பிள்ளைகளே உங்களைக் கேட்பார்கள்.